வளாகத்துக்குப் பூட்டு, வகுப்புக்கு லிங்க்: நடுவில் என்ன நடக்கிறது?

"மறு அறிவிப்பு வரும்வரை வகுப்புகள் இணையவழியில் நடைபெறும்." புயல் அடித்தாலும் இதே வரி, தொற்று பரவினாலும் இதே வரி, பெட்ரோல் இல்லாமல் பேருந்து நின்றுபோனாலும் மாணவர்கள் வாசலை மறித்து உட்கார்ந்தாலும் இதே வரிதான். பதிவாளர் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கை வரும், அப்புறம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஜூம் லிங்க் வரும், அதோடு பல்கலைக்கழகம் வழக்கம்போல இயங்கிக்கொண்டிருப்பதாகக் கணக்கு.

இந்த ஒற்றை வரிதான் என்னை உறுத்துகிறது. ஆன்லைன் வகுப்பு கூடாது என்று நான் சொல்லவரவில்லை, பல இடங்களில் அது ஒரு வருடத்தையே காப்பாற்றியிருக்கிறது. ஆனால் கட்டடம் போனதா, பாதை போனதா, கரண்ட் போனதா, இல்லை நிர்வாகத்துக்கும் மாணவர்களுக்கும் இடையே பேச்சே போனதா என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையை நீட்டுகிறார்கள். 2005இலிருந்து உலகத்தில் நடந்த சில பெரிய முடக்கங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், எங்கே இது வேலை செய்தது, எங்கே செய்யவில்லை, ஏன் என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

முதலில் கால அளவைப் பற்றி ஒரு விஷயம். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2020 மார்ச் 6, வெள்ளிக்கிழமை அறிவித்து, 9ஆம் தேதி திங்கட்கிழமையிலிருந்து வகுப்புகளை நேரடியாக நடத்துவதை நிறுத்தியது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் கொரோனாவுக்காக முதலில் அப்படிச் செய்தவர்களில் அவர்களும் உண்டு. இடையில் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதே மாதக் கடைசியில் அமெரிக்கக் கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து எழுதிய, பிறகு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை ஒன்றில், ஒரு பாடத்தை ஒழுங்காக ஆன்லைனுக்கென்று வடிவமைக்க வழக்கமாக ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நாளில் செய்ததை ஒன்பது மாதத்தில் செய்வதோடு ஒப்பிட்டு "ஆன்லைன் படிப்பு தேறாது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை என்பதுதான் அவர்கள் வாதம். நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். நேரமில்லாமல் செய்யும்போது எளிமையாகச் செய்ய வேண்டும், ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் நேர் எதிராக, வகுப்பறைக் கால அட்டவணையை அப்படியே தூக்கி ஜூமில் வைத்தன.

அதற்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோவோடு ஓடும் ஒரு மணி நேர ஜூம் வகுப்புக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலேகூடப் போகும். 2020இல் நம் ஊரில் பெரும்பாலான மாணவர்கள் கையில் இருந்தது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் பேக். காலையில் இரண்டு வகுப்பு, மதியம் இரண்டு வகுப்பு என்றால் மூன்றாவது வகுப்பிலேயே டேட்டா தீர்ந்துவிடும். வீட்டில் ஒரே போன் என்றால் தம்பிக்கும் அதே நேரத்தில் பள்ளிக்கூட வகுப்பு இருக்கும். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இணைய வசதி இருந்த வீடுகள் கிராமப்புறத்தில் சுமார் 15 சதவீதம், நகர்ப்புறத்தில் 42 சதவீதம். கணினி இருந்த வீடு கிராமத்தில் நூற்றுக்கு நாலுதான். பாடத்தை ஒலிப்பதிவாக அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சில பத்து எம்பியில் முடிந்திருக்கும், சிக்னல் வரும் நேரத்தில் இறக்கிவைத்துக்கொண்டு ராத்திரி கேட்டிருக்கலாம். தமிழ்நாடு அரசு 2021 ஜனவரியில் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று அறிவித்தது நல்ல காரியம்தான், ஆனால் அது வளாகங்கள் மூடி பத்து மாதம் கழித்து வந்தது.

சரி, ஆன்லைன் நன்றாகப் பொருந்திய ஒரு முடக்கத்தைப் பார்ப்போம். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா சூறாவளி. நியூ ஆர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கி, டுலேன், லயோலா, டிலார்ட், சேவியர் என்று அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. பல்லாயிரம் மாணவர்கள் ஹூஸ்டன், பேட்டன் ரூஜ், அட்லாண்டா என்று சிதறிப் போனார்கள். அப்போது ஸ்லோன் அறக்கட்டளை பத்து லட்சம் டாலருக்கு மேல் பணம் கொடுக்க, அமெரிக்கத் தென்மாநிலங்களின் கல்வி வாரியமும் ஆன்லைன் கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து சில வாரங்களில் ஒரு தற்காலிக செமஸ்டரையே உருவாக்கிவிட்டன. நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் தாங்கள் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்த ஆன்லைன் பாடங்களில் இந்த மாணவர்களைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்கள், அக்டோபரில் தொடங்கி டிசம்பருக்குள் முடியும் சுருக்கமான செமஸ்டர். நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகம் மட்டும் தன் சொந்தப் பெயரிலேயே அக்டோபரில் ஆன்லைனிலும் புறநகர்ப் பகுதியில் இருந்த கிளை வளாகத்திலுமாக மறுபடி தொடங்கியது. டுலேன் திறக்க 2006 ஜனவரி ஆயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டு. இந்தத் தற்காலிக செமஸ்டருக்காக, வெள்ளத்தில் மூழ்கிய கல்லூரியின் ஆசிரியர்கள் யாரும் ராத்திரியோடு ராத்திரியாக ஆன்லைன் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, வீடிழந்து நின்ற பேராசிரியரிடம் "நாளைக் காலை கேமரா முன்னால் உட்காருங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே பழகிய இடங்களிலிருந்து பாடங்களைக் கடன் வாங்கினார்கள். இரண்டாவது, மாணவர்கள் போய்ச் சேர்ந்த ஊர்களில் மின்சாரம் இருந்தது, இணையம் இருந்தது. கட்டடம்தான் போனது. நம் ஊரில் இந்தக் கடன் வாங்கும் யோசனை ஏன் யாருக்கும் வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரே பாடத்திட்டத்தில் நூற்றுக்கணக்கான கல்லூரிகள் இருக்கின்றன. அதே தெர்மோடைனமிக்ஸை, அதே ஐந்து யூனிட்டை, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கான வீடுகளில் தனித்தனியாக ஜூமில் நடத்தினார்கள்.

அடுத்தது இலங்கை. ஒரே நாடு, ஒரே இணைய ஏற்பாடு, இரண்டு வருட இடைவெளியில் இரண்டு விதமான முடக்கம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ஒரு கல்வி வலையமைப்பு இருக்கிறது, எல்லோரும் லேர்ன் என்று சொல்வார்கள். 1990ஐ ஒட்டிய வருடங்களில் மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில், பல்கலைக்கழகங்களுக்கு இடையே மின்னஞ்சல் அனுப்புவதற்காகத் தொடங்கியது. நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் என்ற ஒன்று வருவதற்கு முன்னாலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் நடுவில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, முப்பது வருடமாகக் கட்டிவைத்த இந்தப் பின்னல் கைகொடுத்தது. லேர்ன் வழியாக ஜூம் வசதி எல்லா அரச பல்கலைக்கழகங்களுக்கும் கிடைத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் சேவை நிறுவனங்களும் ஒத்துக்கொண்டு, பல்கலைக்கழகங்கள் பாடங்களை ஏற்றிவைக்கும் எல்எம்எஸ் தளங்களுக்கும் லேர்ன் வழி வகுப்புகளுக்கும் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை மாணவர்களிடம் டேட்டா கட்டணம் வாங்கவில்லை.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது முக்கியம். ஒரு தளத்தைப் பார்ப்பதற்குக் காசு வாங்காமல் விட வேண்டுமென்றால், அந்தப் போக்குவரத்து எந்த முகவரிகளுக்குப் போகிறது என்று செல்பேசி நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும். பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு தனியார் சேவையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. எல்லோரும் ஒரே வலையமைப்புக்குள் இருந்ததால் முகவரிப் பட்டியல் கையில் இருந்தது, ஒரு பேச்சுவார்த்தையில் முடிந்தது. அதனால் முல்லைத்தீவில் வீட்டுக்குப் போய்விட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவிக்கும் கொழும்பில் இருப்பவருக்கும் விரிவுரை கேட்பதற்கான செலவு ஒன்றாயிற்று. சிக்னல் கிடைப்பது வேறு கதை, அது மலையகத்திலும் வன்னியிலும் கடைசிவரை தொல்லைதான். இன்னொரு நுட்பமும் உண்டு: இதே விரிவுரையாளர் வசதிக்காகப் பாடத்தை யூடியூபில் போட்டு லிங்க் அனுப்பினால் சலுகை கிடையாது, மாணவர் தன் காசில்தான் பார்க்க வேண்டும். ஆசிரியர் எந்த இடத்தில் கோப்பை ஏற்றுகிறார் என்பது மாணவர் வீட்டுச் செலவைத் தீர்மானித்தது.

இப்போது 2022க்கு வாருங்கள். அதே லேர்ன், அதே ஜூம், போதாக்குறைக்கு இரண்டு வருடம் ஆன்லைனில் பழகிய விரிவுரையாளர்கள். காகிதத்தில் பார்த்தால் 2020ஐவிட எல்லாமே சாதகம். ஆனால் இந்த முறை நாட்டில் டாலர் இல்லை, ஆகவே எரிபொருள் இல்லை, ஆகவே மின்சாரம் இல்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போனது. ஜூனில் மின்வெட்டு குறைந்திருந்தாலும் பெட்ரோல், டீசல் அறவே தீர்ந்துவந்தது, பல்கலைக்கழகங்களை ஆன்லைனுக்குப் போகச் சொன்னார்கள், அந்த மாதக் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் விற்பதையே இரண்டு வாரம் நிறுத்தினார்கள்.

பேருந்து இல்லாததால் வளாகத்துக்கு வர முடியாது, ஆகவே ஆன்லைன் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேருந்தை நிறுத்திய அதே பற்றாக்குறைதான் ரவுட்டரையும் நிறுத்தியது. செல்பேசிக் கோபுரத்தில் உள்ள பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அதன்பின் ஜெனரேட்டர் போட டீசல் வேண்டும். அப்புறம், மின்வெட்டை ஊர் ஊராக ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்து, குழுவுக்கு ஒரு நேரம் என்று சுழற்சியில் நடத்தினார்கள். ஒரு வகுப்பில் இருக்கும் எண்பது மாணவர்கள் எண்பது ஊர்களில் இருக்கிறார்கள், ஆளுக்கொரு குழு. காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தாலும் சரி, இரவு எட்டுக்கு வைத்தாலும் சரி, எப்போதும் ஒரு பகுதி மாணவர்கள் இருட்டில் இருப்பார்கள். இந்த நிலையில் நேரலை வகுப்பு என்ற வடிவமே அர்த்தமில்லாதது. பாடத்தைப் பதிந்துவைத்து, கரண்ட் வரும்போது அவரவர் இறக்கிக்கொள்வது ஒன்றுதான் கொஞ்சமாவது ஓடும். 2020இல் மக்கள் நடமாட்டம் மட்டும்தான் நின்றது, வீட்டில் விளக்கு எரிந்தது. 2022இல் விளக்கும் எரியவில்லை. சுற்றறிக்கை மட்டும் இரண்டு முறையும் ஒரே மாதிரி.

மூன்றாவது வகை முடக்கம் இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஏனென்றால் அங்கே கட்டடம் இருக்கும், கரண்ட் இருக்கும், பாதையும் இருக்கும். மாணவர்களே நிறுத்தியிருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 2015 அக்டோபரில் கட்டண உயர்வுக்கு எதிராக மாணவர்கள் கிளம்பினார்கள். போராட்டம் நாடு முழுக்கப் பரவி, அடுத்த ஆண்டு உயர்வே இல்லை என்று அதிபர் சூமா அறிவிக்கும் அளவுக்குப் போனது. 2016 செப்டம்பரில், 2017க்குக் கட்டணத்தை 8 சதவீதம்வரை உயர்த்திக்கொள்ளலாம் என்று உயர்கல்வி அமைச்சர் சொன்னதும் மறுபடி வளாகங்கள் மூடின. அப்போது கேப்டவுன் பல்கலைக்கழகம் மிச்சமிருந்த பாடங்களை ஆன்லைனில் முடிப்பது என்று முடிவெடுத்தது. நிர்வாகம் தன் பக்கம் சொன்னதிலும் உண்மை இருந்தது: கல்வியாண்டு முடியாவிட்டால் அடுத்த ஆண்டு புது மாணவர்களைச் சேர்க்க இடமிருக்காது, இறுதியாண்டு மருத்துவ மாணவர்கள் வெளியே வராவிட்டால் மருத்துவமனைகளுக்குப் பயிற்சி மருத்துவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் போராடியவர்கள் பக்கம் நின்று பாருங்கள். வகுப்பு நடக்காமல் இருப்பதுதான் அவர்கள் கையில் இருந்த ஒரே பலம். வகுப்பு இணையத்துக்குப் போய்விட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தமில்லை. அதற்கு மேல், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்காக நடந்த போராட்டத்தை, வீட்டில் இணையம் உள்ளவர்களுக்கு மட்டும் வசதியான ஒரு வழியால் தாண்டிப் போகிறார்கள் என்ற கோபம் வேறு. அங்கே பாடம் நடத்திய ஆசிரியர்களைப் பிறகு பேட்டி கண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆன்லைனுக்கு மாறுவதா வேண்டாமா என்பதே அரசியல் நிலைப்பாடாகிவிட்டது, ஆசிரியர்களும் அதில் பிளவுபட்டார்கள்.

ஹாங்காங்கில் அரசுக்கு எதிரான போராட்டம் நடந்த 2019 நவம்பர் இன்னும் கடுமை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நெடுஞ்சாலைக்கு மேலே உள்ள இரண்டாம் எண் பாலத்தில் போலீசுக்கும் மாணவர்களுக்கும் மோதல், கண்ணீர்ப்புகை, பெட்ரோல் குண்டு. சீனப் பெருநிலத்தைச் சேர்ந்த மாணவர்கள் சிலரைப் போலீஸ் படகில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். அந்தப் பல்கலைக்கழகம் பருவத்தையே முன்கூட்டி முடித்துக்கொண்டது, ஹாங்காங் பல்கலைக்கழகம் உட்பட மற்றவை மீதி வாரங்களை ஆன்லைனுக்கு மாற்றின. இங்கே உயிருக்கு ஆபத்து இருந்தது, வேறு வழியில்லை என்று நானும் ஒத்துக்கொள்வேன். மூன்று மாதம்கூட ஆகாமல் கொரோனா வந்தபோது அந்த ஆசிரியர்களுக்கு இது ஏற்கெனவே பழகிய வேலையாக இருந்தது என்பது இதன் எதிர்பாராத விளைவு. 2024 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் காசா போருக்கு எதிரான கூடாரப் போராட்டத்தின்போது ஒரு நாள் முழுக்க ஆன்லைன், பிறகு செமஸ்டர் முடியும்வரை இரண்டும் கலந்து என்று அறிவித்ததையும் இதே வரிசையில்தான் வைக்க வேண்டும். இப்படியான நேரத்தில் ஆன்லைன் லிங்க் அனுப்புவது ஒரு தரப்பை எடுப்பதுதான். எடுக்கலாம், சில சமயம் எடுத்தே ஆக வேண்டும், ஆனால் "தொழில்நுட்ப ஏற்பாடு" என்ற பெயரில் எடுக்கக் கூடாது. பேச்சுவார்த்தை மேசையில் இருக்க வேண்டிய கேள்வி, கணினித் துறைக்குப் போய்விடுகிறது.

வகுப்பைப் பற்றி இவ்வளவு பேசினாலும், உண்மையில் மாணவர்களை அடித்துப் போடுவது தேர்வு. பாடம் பாதி புரியாமல் போனால் பிறகு படித்துக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியலில் ஏறியது அப்படிப் போகாது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2020-21இல் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் போதும். 2020 ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் பாஸ் என்று முதல்வர் அறிவித்தார். ஊரெங்கும் கொண்டாட்டம், பிறகு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் எதிர்ப்பு, உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அந்த ஆண்டு நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வு 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் நடந்தது, வீட்டில் உட்கார்ந்து எழுதும் மாணவரைக் கேமரா வழியாக மென்பொருள் கண்காணித்தது. முடிவு வந்தபோது பெருமளவு மாணவர்கள் தோல்வி, பலருக்கு முடிவே நிறுத்திவைப்பு. சிறிய வீட்டில் பின்னால் யாராவது நடந்து போவார்கள், நெட் விட்டு விட்டு வரும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பும். கண்காணிக்கும் மென்பொருளுக்கு இவை எல்லாமே சந்தேகத்துக்குரிய அசைவு. மே மாதம் ஆட்சி மாறியதும் அமைச்சர் பொன்முடி மறுதேர்வு என்று அறிவித்தார். அதன்பின் வேறு வழிக்குப் போனார்கள்: கேள்வித்தாள் இணையத்தில் வரும், மாணவர் வீட்டில் ஏ4 தாளில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றி, தாளையும் தபாலில் அனுப்ப வேண்டும்.

இந்தக் கடைசி முறை பழைய பாணியாகத் தோன்றலாம், எனக்கு அதுதான் மூன்றிலும் நேர்மையானதாகப் படுகிறது. மாணவரிடம் இல்லாத எதையும் அது கேட்கவில்லை. வீட்டில் எழுதுபவர் புத்தகத்தைப் பார்ப்பார் என்று ஒத்துக்கொண்டு, பார்த்தாலும் யோசித்துத்தான் எழுத முடியும் என்கிற மாதிரி கேள்வி கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பிராக்டிகல் விஷயத்தில் அதுவும் முடியாது. வெல்டிங் வைப்பதையோ நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதையோ யாராலும் லிங்க்கில் கற்றுத்தர முடியாது, அதைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், பிறகு வளாகத்தில் கூடுதல் வாரங்கள் ஒதுக்கித்தான் முடிக்க வேண்டும்.

தள்ளிவைப்பது என்ற இந்த வழியை நிர்வாகங்கள் ஏனோ தோல்வி மாதிரி பார்க்கின்றன. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுகளைத் தள்ளிவைத்தது. சரியான முடிவு. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் மொட்டை மாடியில் நின்றுகொண்டு படகுக்குக் காத்திருந்தவர்களுக்கு ஜூம் லிங்க் அனுப்பி என்ன பயன். சென்னையின் பெருமழை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வும் அதே நேரத்தில்தான் வருகிறது. ஆண்டு நாள்காட்டி போடும்போதே டிசம்பரில் இரண்டு வாரத்தைக் காலியாக விட்டுவைத்தால், மழை வந்தால் தேர்வை அங்கே நகர்த்தலாம், வராவிட்டால் பிராக்டிகலுக்கு வைத்துக்கொள்ளலாம்.